பையன் வீடு

கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால் நம் ஊர்களில் இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று பொண்ணு வீடு, இன்னொன்று பையன் வீடு. யார் முதல் பந்தியில் உட்காருவது, தாம்பூலத் தட்டு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறுவது என்பதெல்லாம் இந்த இரண்டு வீடுகளை வைத்துத்தான் முடிவாகிறது. ஆனால் பள்ளிக்கூடம் போகிற வயசுப் பெண்ணும் மீசை அரும்பிய பையனும் சாதி தாண்டி ஆசைப்படுகிற கதையைத் தமிழ் சினிமா எடுத்தால், பெரும்பாலும் ஒரு வீடுதான் முழுசாக நிற்கிறது. அது பொண்ணு வீடு. அங்கே மாடி இருக்கும், சாமி படம் இருக்கும், அழுகிற ஆத்தா இருப்பாள், மானம் போச்சே என்று துண்டை உதறுகிற அப்பன் இருப்பான். பையன் ஒடுக்கப்பட்ட சாதிக்காரனாக இருந்தால் அவனுக்கு ஒரு தொழில் இருக்கும், ஒரு கூட்டாளி இருப்பான், பாட்டு இருக்கும். வீடு இருக்காது. இருந்தாலும் கேமரா அதன் வாசலோடு திரும்பிவிடும்.

காதல், குடும்பம், இழப்பு என்று இந்தப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மூன்று சொற்களை அடுக்குகிறார்கள். யாருடைய குடும்பம், யாருடைய இழப்பு என்று கேட்பதில்லை. 2004-இல் வந்த 'காதல்' படத்தை நடுவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரலாற்றோடு சேர்த்து இந்தக் கேள்வியைக் கேட்க நினைக்கிறேன். கேட்பது தொண்டாமுத்தூர் வளவிலிருந்து. வளவு என்று எங்கள் பக்கம் சொல்வது அருந்ததியர் குடியிருப்பை.

சினிமாவுக்கும் கோவைக்கும் உள்ள உறவு பழசு. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போனார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பிறகு சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ என்று படம் எடுக்கிற ஊராகவே கோவை ஆனது. இந்த வரலாற்றைப் பெருமையாக எழுதுகிறார்கள், எழுதட்டும். எங்களுக்குச் சினிமா வந்தது அந்தக் கூடாரத்தின் பேரப்பிள்ளையான டூரிங் கொட்டகை வழியாக.

எங்கள் பெரியவர்கள் கவலை இறைக்கிற சாலுக்குத் தோல் தைத்தவர்கள், தோட்டங்களில் பண்ணையம் இருந்தவர்கள். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்து, கிணறுகளில் மோட்டார் ஏற ஏறத் தோல் வேலை குறைந்தது. பண்ணைக் கூலி மட்டும் மிஞ்சியது. கூலிக்காசில் படம் பார்த்த முதல் தலைமுறை என் அப்பாவுடையது. கொட்டகையில் தரை டிக்கெட் என்றால் மணல். டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர் இருந்த காலத்தில் அந்த மணல் மட்டும் எல்லோருக்கும் ஒரே மணல். இருட்டில் யாரும் யாரையும் நீ என்ன ஆள் என்று கேட்கவில்லை. இடைவேளைக்கு விளக்கைப் போட்டால் நாங்களே ஓரமாக நகர்ந்துகொள்வோம்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். 'காதல்' என்ற வார்த்தை வீட்டுப் பேச்சில் கிடையாது. அவனுக்கும் அவளுக்கும் பழக்கம் என்பார்கள், அவ்வளவுதான். அந்த வார்த்தையை நாங்கள் கொட்டகையில்தான் படித்தோம்.

சேரியிலிருந்து தமிழ்த் திரைக்கு ஆரம்ப காலத்திலேயே நாயகனாக வந்தவன் நந்தன். 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் எங்கள் கொங்கு நாட்டுக் கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாய் சம்பளம் இன்றைக்கும் பேசப்படுகிறது. 1942-இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். நந்தன் கதையில் ஆண்டை உண்டு, சாமி உண்டு. மனசுக்குப் பிடித்த ஒரு பெண் கிடையாது, குடும்பம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கடைசியில் தீ. சேரிக்காரன் உள்ளே வரவேண்டுமானால் முதலில் எரிய வேண்டும் என்பதுதான் அந்தக் கதை போட்ட சட்டம். இந்தத் தீயை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 62 வருஷம் கழித்து இன்னொரு படத்தில் அது திரும்பி வருகிறது.

1978-இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' வந்தது. பரஞ்சோதி நாவிதர் மகன், கவிதை எழுதுகிறவன். பாஞ்சாலியும் அவனும் விரும்புகிறார்கள், ஊர் குறுக்கே நிற்கிறது. கடைசியில் இரண்டு பேரும் ஓடிப்போய் ரயிலைப் பிடித்துத் தப்பிக்கிறார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. படம் எங்கள் கொட்டகைக்கு வந்து போன பிறகு வளவில் ஒரு மாசம் அந்தப் பேச்சுதான். நாவிதர் சேரிக்காரர் இல்லை, ஆனாலும் ஊருக்கு ஊழியம் செய்யும் சாதி. அப்படிப்பட்ட வீட்டுப் பையன் ஊரை ஜெயித்துவிட்டான் என்பதே எங்களுக்குப் பெருசாக இருந்தது. ரயில் புறப்பட்டுப் போன பிறகு அந்த நாவிதர் வீட்டை ஊர் என்ன செய்தது? அதைப் படம் சொல்லவில்லை. படமும் ரயிலோடு போய்விட்டது.

1981-இல் அதே பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை'. கார்த்திக்கும் ராதாவும் அறிமுகமான படம். பிராமணப் பையன், கிறிஸ்தவப் பெண், இரண்டு பேரும் சின்ன வயசு. முடிவில் பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிகிறார்கள். கொட்டகையில் விசில் பறந்தது. யோசித்துப் பார்த்தால், கழற்றி எறிவதற்கு எங்கள் கழுத்தில் ஒன்றும் கிடையாது. எங்கள் சாதி எங்கள் தெருவில் இருந்தது, தொழிலில் இருந்தது, தாத்தா வயசுக்காரரைப் பத்து வயசுப் பொடியன் கூப்பிடுகிற 'டா'வில் இருந்தது. மதம் தாண்டுவதைக் காட்டத் துணிந்த சினிமா சேரி எல்லைக் கல்லைத் தாண்டவில்லை.

இனி எங்கள் வளவில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

1984-இல் என் பெரியப்பா மகனுக்குப் பத்தொன்பது வயசு. வளவில் பிளஸ் டூ முடித்த முதல் ஆள். தோட்டத்து வீட்டுப் பெண் ஒருத்தியோடு பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் பழக்கம். இரண்டு பேரும் ஓடிப்போகவில்லை, கையைப் பிடித்து நடந்ததில்லை. நோட்டுக்குள் இருந்த ஒரு கடுதாசி பிடிபட்டது, அவ்வளவுதான். விஷயம் தெரிந்த ராத்திரியே வளவுப் பெரியவர்கள் அண்ணனைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். பனியன் கம்பெனியில் கைமடிக்கப் போனான். அந்தப் பெண்ணை அந்த வருஷமே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

சினிமாவாக இருந்தால் கதை இங்கே திருப்பூருக்குப் போயிருக்கும். நான் பார்த்தது இங்கேயே இருந்தவர்களை. பெரியப்பாவின் பண்ணையம் மறுநாளே போனது. வாங்கியிருந்த கடனை ஒரே தவணையில் கீழே வை என்றார்கள். பக்கத்துத் தோட்டங்களிலும் வேலை கொடுக்கவில்லை. பெரியம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு இட்டேரியில் போனால், வேலியோரப் புல்லைத் தொடாதே என்று சத்தம் வரும். பிறகு இரண்டு பேரும் தடாகம் பக்கம் செங்கல் சூளைக்குப் போனார்கள். அண்ணனிடமிருந்து ரெண்டு வருஷம் கடுதாசி வந்தது, அப்புறம் நின்றுபோனது. அவனைத் தேடித் திருப்பூரில் பெரியப்பா அலையாத தெரு இல்லை.

ரேஷன் கார்டில் அண்ணன் பெயர் மட்டும் இருந்தது. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார், ஆள் இல்லையே, பேரை எடுத்துடலாமா என்று. பெரியம்மா சொல்லுவாள்: "வேண்டாமுங்க. என்ற பையன் பேரை எடுத்துப்போட்டா, அவன் இல்லீன்னு நானே கைநாட்டு வெச்ச மாதிரி ஆயிப்போகுமுங்க." 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது பெரியம்மா இல்லை. எல்லோருக்கும் ஆதார் கேட்டார்கள். அண்ணன் பெயருக்கு ஆதார் எங்கே போவது? அப்படித்தான் அவன் பெயர் கார்டிலிருந்து போனது.

ஒரு கடுதாசிக்கு எங்கள் பக்கம் கொடுத்த விலை இது. ரத்தம் சிந்தவில்லை, போலீஸ் வரவில்லை, பத்திரிகையில் ஒரு வரி இல்லை. இந்த மாதிரி எத்தனை வளவில் எத்தனை வீடு என்று எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது.

90-களில் எங்கள் கொங்கு மண் தமிழ் சினிமாவின் செல்லப்பிள்ளையானது. 'சின்னக் கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994) என்று வரிசையாக வந்தன. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஆலமரத்தடித் தீர்ப்பு. ஊர்விலக்கு வைப்பது நீதியின் உச்சமாகக் காட்டப்பட்டது. ஊர்விலக்கு என்றால் என்ன என்று பெரியம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். இந்தப் படங்களில் நாங்களும் இருந்தோம், கூட்டத்தில் கைகட்டி நிற்கிறவர்களாக. எங்கள் வளவிலும் இவை ஓகோவென்று ஓடின என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேலாதிக்கம் அடிக்கிறபோது மட்டும் வேலை செய்வதில்லை, பாட்டாகவும் வரும், நாமும் கூடச் சேர்ந்து பாடுவோம்.

1997-இல் சேரனின் முதல் படம் 'பாரதி கண்ணம்மா' வந்தது. பண்ணை வீட்டுத் தேவர் மகள் கண்ணம்மா, அந்த வீட்டில் வேலை செய்கிற தலித் இளைஞன் பாரதி. சாதியை நேராக எடுத்த துணிச்சலை ஒப்புக்கொள்ள வேண்டும். பையனுக்கு வீடும் உண்டு. ஆனால் அவன் விசுவாசமெல்லாம் பண்ணை வீட்டில். அவள் விரும்பினாலும் அவன் ஐயாவுக்குத் துரோகம் செய்யமாட்டான். அவள் செத்த பிறகு அவள் சிதையிலேயே அவனும் விழுகிறான். நந்தன் இறங்கிய தீ மறுபடியும் வந்துவிட்டது. நந்தனுக்காவது சாமி கிடைத்தது. இவனுக்குச் சாவில்தான் சமபந்தி.

இந்த வரிசையில்தான் 'காதல்' வருகிறது. 2004 டிசம்பரில் வெளியானது. இயக்கம் பாலாஜி சக்திவேல், தயாரிப்பு இயக்குநர் ஷங்கரின் கம்பெனி. முருகன் மதுரையில் டூவீலர் மெக்கானிக், ஐஸ்வர்யா பள்ளிக்கூடப் பெண், வசதியும் அடியாள் பலமும் உள்ள வீட்டு மகள். அவள்தான் முதலில் விரும்புகிறாள். வீட்டில் கல்யாணம் பேசியதும் இருவரும் சென்னைக்கு ஓடுகிறார்கள். நண்பன் தங்கியிருக்கிற மேன்ஷனில் ஒதுங்க இடம் தேடி, ஒருவழியாகத் தாலியும் கட்டிக்கொள்கிறார்கள். பெண்ணின் சித்தப்பா நல்லவர் போலப் பேசி இருவரையும் மதுரைக்கு அழைத்துவருகிறார். சொந்தமெல்லாம் கூடி நிற்கிற காட்டில் அவனை அடிக்கிறார்கள். அவன் உயிர் பிழைக்கட்டும் என்று அவள் வேறு கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். சில வருஷம் கழித்து, கையில் குழந்தையோடும் கூடக் கணவனோடும் போகும்போது, ரோட்டில் பைத்தியமாகத் திரியும் முருகனைப் பார்த்து மயங்கி விழுகிறாள். அவள் கணவன்தான் கடைசியில் அவனை மனநலக் காப்பகத்தில் சேர்க்கிறான். ரயிலில் கூட வந்த ஒருவர் சொன்ன உண்மைக் கதை என்று படம் முடிகிறது.

அந்தக் காட்டுக் காட்சியை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். நல்லவர் போலப் பேசி அழைத்துவருவது நடக்கிற காரியம். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முகத்தையும் காட்டி, இது ஒரு வில்லன் செய்கிற வேலை இல்லை, ஒரு குடும்பமே சேர்ந்து செய்கிற வேலை என்று அந்தப் படம் காட்டியது. அதற்கு முன் இப்படி உடம்பு நடுங்க யாரும் காட்டியதாக எனக்கு நினைவில்லை. என்றாலும் முருகனின் சாதியைப் படம் பெயர் சொல்லிப் பேசாமல் குறிப்பாலேயே விட்டுவிடுகிறது. பொண்ணு வீட்டுக்குள்ளே நமக்கு மூலைமுடுக்கெல்லாம் தெரிகிறது. பையனுக்கு ஒர்க்‌ஷாப் தெரிகிறது. அவன் வீட்டுக்குக் கிடைத்த நேரம் மிகக் கொஞ்சம். புத்தி பேதலித்து வருஷக்கணக்கில் அவன் ரோட்டில் திரிந்தானே, அவனைப் பெற்றவள் தேடினாளா, அவன் ஆட்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை. அவனைக் காப்பாற்றுகிற பெருமை பெண்ணின் கணவனுக்குப் போகிறது. தியேட்டரில் எல்லோரும் அவருடைய பெருந்தன்மையை நினைத்து அழுதார்கள். எனக்குப் பெரியப்பா திருப்பூர்த் தெருக்களில் அலைந்ததுதான் ஞாபகம் வந்தது.

சாதியை ஒழிக்க உண்மையான மருந்து கலப்பு மணம் என்று அம்பேத்கர் 1936-இலேயே எழுதினார். ரத்தக் கலப்பு வந்தால்தான் உறவு என்கிற எண்ணம் வரும் என்றார். உறவு என்றால் இரண்டு வீடுகளுக்கு நடுவில் வருவது. ஒரு வீட்டை மட்டும் காட்டுகிற சினிமாவால் காதலைக் காட்ட முடியும், அந்த உறவைக் காட்ட முடியாது.

சினிமா காட்டாத வீட்டை நிஜம் காட்டியது, அதுவும் நெருப்பு வெளிச்சத்தில். 2012 நவம்பர் 7-ஆம் தேதி தருமபுரியில் இளவரசன், திவ்யா திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் என்று மூன்று தலித் குடியிருப்புகளைத் தாக்கினார்கள். 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஓடிப்போனது இரண்டு பேர், எரிந்தது மூன்று தெரு. பையன் வீடு என்பது ஒரு வீடு இல்லை, அவன் சாதியின் அத்தனை வீடும்தான் என்று தாக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2013 ஜூலை 4-ஆம் தேதி இளவரசன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிணமாகக் கிடந்தான்.

பிறகு எங்கள் கொங்கு. 2015 ஜூன் 23-ஆம் தேதி திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குத் தோழி ஒருத்தியோடு வந்த ஓமலூர் கோகுல்ராஜைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2016 மார்ச் 13-ஆம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில், பட்டப்பகலில், குமரலிங்கத்து சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கூட இருந்த மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார், அவருக்குப் பத்தொன்பது வயசு. உயிர் பிழைத்த கௌசல்யா தன் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை, சங்கரின் அப்பா வீட்டுக்குப் போனார். தன் பெற்றோருக்கு எதிராகக் கோர்ட்டில் நின்றார். 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட் அவர் அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020-இல் உயர்நீதிமன்றம் அப்பாவை விடுதலை செய்து, மற்ற ஐந்து பேரின் தூக்கைக் குறைத்தது. கணவன் செத்த பிறகும் ஒரு பெண் பையன் வீடுதான் என் வீடு என்று வந்து உட்கார்ந்த காட்சி அதுவரை எந்தத் தமிழ்ப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

சங்கர் கொலைக்கு ஏழு வாரத்துக்குள் மராத்தியில் நாகராஜ் மஞ்சுளேயின் 'சாய்ராட்' வந்தது. அர்ச்சி பெரிய பாட்டீல் வீட்டு மகள், பர்ஷ்யா மீன்பிடிக்கிற வீட்டுப் பையன். ஐதராபாத்துக்கு ஓடிப் பிழைத்து, வீடு பிடித்து, குழந்தையும் பிறந்த பிறகு, சீர்வரிசையோடு வருகிறவர்கள் கொல்கிறார்கள். ஓடியவர்கள் தப்பிவிட்டார்கள் என்று முடிப்பது இனிமேல் பொய் என்று அந்தப் படம் முடிவு செய்தது. 1978-இல் கிழக்கே போன ரயில் இறக்கிவிட்ட இடம் இதுதான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழிலும் மாற்றம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் நம் வீடுகளிலிருந்து போனவர்கள். 2012-இல் பா.ரஞ்சித்தின் 'அட்டகத்தி'யில் முதல்முறையாகப் பையனின் வீடு நடுவில் வந்தது. அம்மா, குடிக்கிற அப்பா, அண்ணன், அடுப்பங்கரை எல்லாம் இருந்தன. பையன் காதலில் தோற்றான், சாகவில்லை, பைத்தியமாகவில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டு போனான். சாதாரணமாகத் தோற்கிற உரிமையும் ஒரு உரிமைதான், அது நமக்குத் திரையில் கிடைக்க அத்தனை வருஷம் ஆனது. 2018-இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' தண்டவாளத்தையே எடுத்துக்கொண்டது. கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுகிற காட்சியில் தொடங்கி, பரியனை அதே மாதிரி கொல்லப் பார்ப்பது வரை வருகிறது. பெண் வேஷம் கட்டி ஆடுகிற அப்பா அதில் இருக்கிறார். நடுரோட்டில் வேட்டியை உருவி அவரைத் துரத்துகிறபோது, பையன் வீட்டு இழப்பு என்றால் என்னவென்று ஒரு தமிழ்ப் படம் கடைசியில் காட்டிவிட்டது. பரியன் சாகாமல் பேசுகிறான். பேசுகிறபோது கேள்வி கேட்கிற இடம் மாறிவிடுகிறது.

ஆனாலும் ஒரு படம் பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன். கோகுல்ராஜ் கொல்லப்பட்டபோது அவன் தாய்க்குத் தெரிந்தது தறியும் சமையலும் போலக் கைவேலைகள்தான் என்று யாராவது நினைத்திருந்தால், அடுத்த ஏழு வருஷம் அவர்களுக்குப் பதில் சொன்னது. சாட்சிகள் பிறழ்ந்தார்கள். அந்தத் தாய் வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்து, விடாமல் நின்றார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023-இல் உயர்நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது.

அந்த ஏழு வருஷத்தில் பாட்டு இல்லை, ஓட்டம் இல்லை. ஊருக்கும் கோர்ட்டுக்கும் பஸ் ஏறி இறங்குகிற ஒரு அம்மா இருக்கிறார். வாய்தா, மறு வாய்தா. கையில் ஒரு பை, அதில் கட்டுக் காகிதம். காதல், குடும்பம், இழப்பு என்ற மூன்று சொல்லும் அந்தப் பைக்குள் இருக்கின்றன. யாராவது எடுத்தால் எங்கள் வளவு முழுக்கப் போய்ப் பார்க்கும்.